பழைய பிக்கப்புக்கு எந்த ஆன்டெனா? பவர் ஆன்டெனாவும் மற்ற வழிகளும்

பவர் ஆன்டெனா மாட்டினால் ரேடியோ இன்னும் நன்றாக எடுக்கும் என்ற நினைப்பில்தான் பலரும் கடைக்குப் போகிறார்கள். எடுக்காது. அதே நீளமுள்ள சாதாரண ராடு எவ்வளவு எடுக்குமோ அவ்வளவுதான் இதுவும் எடுக்கும். ஐந்தாறு குழாய்த் துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நிற்பதால், ஒவ்வொரு மூட்டிலும் அழுக்கு சேர்ந்தபின் சற்றுக் குறைவாகவே எடுக்கும். கூடுதலாகக் கொடுக்கும் காசு முழுவதும் ஒரே வசதிக்குத்தான்: வேண்டாத நேரத்தில் ராடு மட்கார்டுக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

அந்த வசதி தேவையா என்பது மூன்று கேள்விகளில் முடிந்துவிடும். வண்டி இரவில் எங்கே நிற்கிறது? ஒரு நாளில் எத்தனை முறை சாவி போட்டு எடுக்கிறீர்கள்? ஊரைத் தாண்டி எவ்வளவு தூரம் போகிறது? இதில் இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. பவர் ஆன்டெனாவின் ஆயுளைத் தீர்மானிப்பது அதுதான்.

இங்கே பேசுவது டாடா 207, டாடா மொபைல் 206, பழைய பொலேரோ பிக்கப், கேம்பர் மாதிரியான 12 வோல்ட் வண்டிகளைப் பற்றி. 24 வோல்ட் லாரிக்கு இந்த மோட்டாரை நேரடியாகக் கொடுத்தால் எரிந்துவிடும்.

குற்றம் ஆன்டெனாவிலா, வேறெங்காவதா?

காசு செலவழிக்கும் முன் பத்து நிமிடச் சோதனை ஒன்று உண்டு. டேஷ்போர்டிலிருந்து ரேடியோ செட்டை வெளியே இழுத்து, பின்னால் இருக்கும் ஆன்டெனா பிளக்கைப் பிடுங்குங்கள். 75 செ.மீ. நீளமுள்ள இன்சுலேஷன் வயரின் ஒரு முனையைச் சீவி, செட்டின் ஆன்டெனா சாக்கெட்டின் நடுத்துளையில் செருகுங்கள். அது சுற்றுவளையத்தைத் தொடக் கூடாது. மறுமுனையைக் கதவுக்கு வெளியே தொங்கவிட்டு 101.4, 98.3, 93.5 எனச் சென்னை எஃப்.எம். நிலையங்களைத் தேடுங்கள். தெளிவாகக் கேட்டால் செட் நல்ல செட். பழுது பழைய ஆன்டெனாவிலோ அதன் கேபிளிலோ இருக்கிறது. அப்போதும் இரைந்தால் எந்த ஆன்டெனா மாட்டியும் பயனில்லை. பெரும்பாலும் செட்டின் ட்யூனரே (நிலையம் பிடிக்கும் பாகம்) மட்டம்.

இரைச்சல் இருந்தால் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். லைட்டர் சாக்கெட்டில் செருகியிருக்கும் மொபைல் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள். மலிவான சார்ஜர்களும் சில எல்.இ.டி. விளக்குகளும் எஃப்.எம். அலைவரிசையில் நேரடியாக இரைச்சலைக் கொட்டும். ஆன்டெனாவைக் குறைசொல்லி மாற்றிய பிறகும் இரைச்சல் அப்படியே இருந்தால், பெரும்பாலும் காரணம் இந்தச் சார்ஜர்தான்.

நீளக் கணக்கு

எஃப்.எம். அலைக்கு ஏற்ற ராடு நீளம் அலைநீளத்தில் கால்பங்கு. 7500ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் செ.மீ. கிடைக்கும். எஃப்.எம். ரெயின்போ 101.4க்கு 74 செ.மீ., சூரியன் 93.5க்கு 80, ஹலோ 106.4க்கு 70 சொச்சம். உலோக ராடு என்பதால் நடைமுறையில் இதிலும் நாலைந்து சதவீதம் குறைவு போதும். ஆக 75 செ.மீ. ராடு ஒன்றே சென்னையின் எல்லா நிலையங்களுக்கும் பொருந்தும். பவர் ஆன்டெனாக்கள் முழுதாக நீளும்போது 80 முதல் 100 செ.மீ. வரை வரும். அந்தக் கூடுதல் நீளத்தால் எஃப்.எம்.முக்கு லாபமில்லை.

மீடியம் வேவ் கதை வேறு. சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளமே 400 மீட்டருக்கு மேல். அதன் முன் எந்த வண்டி ஆன்டெனாவும் துண்டுக் கம்பிதான். அங்கே ஒவ்வொரு செ.மீ.க்கும் பலன் உண்டு. புயல் நேரத்தில் எஃப்.எம். எட்டாத இடத்திலும் மீடியம் வேவ் எட்டும் என்பதால், காசிமேடு, பழவேற்காடு பக்கம் மீன் ஏற்றும் வண்டிகள் இதை யோசித்து நீளமான ராடே வைப்பது நல்லது.

நிலையான ராடு

அடியில் ஸ்பிரிங் வைத்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ராடு, மட்கார்டிலோ கண்ணாடி ஓரத் தூணிலோ மாட்டுவது. நகரும் பாகம் இல்லை, மோட்டார் இல்லை, ஃபியூஸ் இல்லை. மரக்கிளை தட்டினால் வளைந்து நிமிரும். உடைந்தால் மேல்ராடை மட்டும் திருகி மாற்றலாம். கோயம்பேட்டுக்கும் பழக்கடைகளுக்கும் ஓடும் வண்டி, சிமென்ட், கம்பி ஏற்றும் வண்டி, டிரைவர் மாறிக்கொண்டே இருக்கும் வண்டி எல்லாவற்றுக்கும் இதுதான் எங்கள் முதல் தேர்வு. இந்த வண்டிகளுக்கு இரண்டாவது தேர்வே தேவையில்லை என்றும் சொல்லலாம்.

தொல்லை இரண்டு. தார்ப்பாயை வீசிப் போடும்போதும் கயிறு இழுத்துக் கட்டும்போதும் ராடு மாட்டிக்கொள்ளும். தெருவில் நிறுத்தினால் போகிறவர் வருகிறவர் கை சும்மா இருக்காது. முதலாவதுக்கு ராடை மட்கார்டின் முன்பாதியில், தார்ப்பாய் எட்டாத இடத்தில் வைப்பது வழி. இரண்டாவதுக்கு, கையால் திருகிக் கழற்றும் வகையை வாங்கி, இரவில் கழற்றிச் சீட்டுக்குப் பின்னால் போட்டுவிடலாம். திருகில் துளி கிராஃபைட் கிரீஸ் தடவாவிட்டால், கடற்காற்றில் ஒரே மழைக்காலத்தில் பூட்டிக்கொள்ளும்.

கையால் இழுப்பது

பழைய வண்டிகளில் வந்த வகை. சாவி போட்டு வெளியே எடுப்பதும் உண்டு. மோட்டார் செலவில்லாமல் ராடு உள்ளே போகும் என்பது கவர்ச்சி. ஆனால் டிரைவர் இறங்கிப் போய் இழுக்க வேண்டும்; அவசரத்தில் ஒருபக்கமாக இழுத்து மேல்துண்டை வளைப்பார்கள். வளைந்த ராடு உள்ளே போகாது. கடைசியில் பாதி நீட்டிய நிலையிலேயே நிரந்தரமாக நின்றுவிடும். நிலையான ராடின் உறுதியும் இல்லாமல், பவர் ஆன்டெனாவின் சௌகரியமும் இல்லாமல் போவதால் இதை வாங்கச் சொல்வதில்லை.

கண்ணாடியில் ஒட்டுவதும் கூரையில் வைப்பதும்

மட்கார்டைத் துளைக்க மனமில்லாதவர்களுக்கு உள்கண்ணாடியில் ஒட்டும், ஆம்ப்ளிஃபையர் வைத்த ஆன்டெனா உண்டு. உடைக்க யாராலும் முடியாது. நகருக்குள் ஓரளவு வேலை செய்யும். ஆனால் ஆம்ப்ளிஃபையர் சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். நிலையங்கள் மிக வலுவாக அடிக்கும் நகர மையத்தில் செட் திணறி, ஒரு நிலையம் இன்னொன்றின் இடத்தில் கேட்கும். செங்கல்பட்டைத் தாண்டினால் குட்டை ஆன்டெனாவின் பலவீனம் தெரியவரும். மீடியம் வேவுக்கு இது உதவாது.

கூரையில் வைக்கும் சுறாத்துடுப்பு வகை, குட்டை ரப்பர் வகை இரண்டும் பிக்கப்பில் கொஞ்சம் அபாயம். கூரைத் துளையில் சீல் போனால் தண்ணீர் நேரே கேபின் விளக்கு வழியாக இறங்கும். துருவேறிய கூரைத் தகட்டில் துளை போடுவது துருவுக்குப் புது வாசல் திறப்பது. கேபின் மேல் கேரியர் வைத்த வண்டியில் மூட்டை ஏறி நிற்கும். அங்கே இதை மறந்துவிடலாம். ரப்பர் ஒட்டு வகைகளில் சில வெறும் அலங்காரம், உள்ளே கம்பியே இருக்காது. வாங்கும்போது அடியில் கேபிள் வருகிறதா என்று திருப்பிப் பாருங்கள்.

பவர் ஆன்டெனா: சுவிட்ச் வகையும் தானியங்கி வகையும்

கடையில் பவர் ஆன்டெனா என்று கேட்டால் கொடுப்பது பெரும்பாலும் தானியங்கி வகை. செட் போட்டால் ஏறும், அணைத்தால் இறங்கும். டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்து, அழுத்தும்வரை ஏறி இறங்கும் வகை இன்னொன்று. உள்ளே இருப்பது இரண்டிலும் ஒன்றுதான்: சின்ன மோட்டார், பல் வெட்டிய நீண்ட நைலான் கயிறு, அது சுற்றிக்கொள்ளும் டப்பா, ராடு முட்டியதும் நழுவும் கிளட்ச். நைலான் கயிறு ராடின் நடுக்குழாய் வழியாக மேல்நுனி வரை போய், தள்ளியும் இழுத்தும் ராடை நகர்த்துகிறது. தானியங்கி வகையில் கூடுதலாக ஒரு கட்டுப்பாட்டு போர்டு இருக்கும்.

அந்த போர்டுதான் பழைய டெலிவரி பிக்கப்பில் பிரச்சினை. செட் கீ லைனில் (சாவி போட்டால் மட்டும் கரன்ட் வரும் லைன்) இருந்தால், ஸ்டார்ட் அடிக்கும் கணத்தில் பல வண்டிகளில் அந்த லைன் ஒரு நொடி அணையும். செட் அணைந்து மீண்டும் எழும். ஆன்டெனா இறங்கத் தொடங்கிப் பாதியில் மீண்டும் ஏறும். ஒவ்வொரு கடை வாசலிலும் வண்டியை அணைத்து, சரக்கு இறக்கி, மீண்டும் ஸ்டார்ட் செய்கிற வண்டியில் ஒரு கடைக்கு ஒரு முழு ஏற்றம், ஒரு முழு இறக்கம், நடுவில் ஒரு அரைத் திணறல். நாளுக்கு முப்பது கடை என்றால் மாதம் ஆயிரத்தை நெருங்கும். நைலான் பற்கள் அந்த உழைப்புக்குச் செய்யப்பட்டவை அல்ல. வார இறுதியில் மட்டும் வெளியே வரும், ஆசையாகப் புதுப்பித்து வைத்திருக்கும் டாடா மொபைலில் இதே ஆன்டெனா பல வருடம் உழைக்கும்.

ஆகவே வேலைக்கு ஓடும் வண்டியில் பவர் ஆன்டெனாதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், சுவிட்ச் வகையை எடுங்கள். காலையில் ஒரு தடவை ஏற்றி, இரவில் ஒரு தடவை இறக்கினால் போதும். தார்ப்பாய் போடும்போதும் தணிவான போர்டிகோவில் நுழையும்போதும் வேண்டிய அளவு இறக்கிக்கொள்ளலாம். செட்டை மாற்றினாலும் ஆன்டெனா வயரிங்கைத் தொட வேண்டாம். ஒரே குறை, மறதி. ஏற்றிய ராடை இறக்க மறந்தால் நிலையான ராடுக்கு வரும் கதிதான் இதற்கும், செலவு மட்டும் பல மடங்கு. சுவிட்ச் வகை தனியாகக் கிடைக்காவிட்டால், தானியங்கியையே வாங்கி, ஏறு இறங்கு என்று போர்டுக்குச் சொல்லும் சிக்னல் வயரை செட்டுக்குக் கொடுக்காமல், கீயைச் சாராத ஒரு சாதாரண ஆன்-ஆஃப் சுவிட்ச் வழியாகப் பேட்டரி லைனில் கொடுத்துவிடலாம். ஏறவும் இறங்கவும் நின்றுவிடவும் போர்டு பார்த்துக்கொள்ளும். எப்போது என்பது மட்டும் டிரைவர் கையில். சொல்லப்போனால் பழைய பிக்கப்பில் பவர் ஆன்டெனாதான் என்றால் நாங்கள் பரிந்துரைப்பது இந்த மூன்றாவது ஏற்பாட்டைத்தான்.

கடையிலேயே பார்க்க வேண்டியவை

சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புது ஆன்டெனா கிடைக்கும். புதுப்பேட்டையில் பழைய கார்களிலிருந்து கழற்றியவையும் கிடைக்கும். பழையதில் வயர்களின் எண்ணிக்கையும் நிறமும் வண்டிக்கு வண்டி மாறும், வயரிங் படம் இல்லாமல் எடுத்தால் மண்டை காயும். ரிலே (சிறு கரன்டால் பெரிய கரன்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்), டையோடு, கனெக்டர் போன்றவற்றுக்கு ரிச்சி தெரு.

ஒரு சின்னக் காந்தம் கொண்டு போங்கள். ராடில் ஒட்டினால் அது பெரும்பாலும் முலாம் பூசிய இரும்பு. கடற்கரைப் பக்கம் நிற்கும் வண்டியில் ஒரு வருடத்தில் சொறி பிடிக்கும். பித்தளையில் ஒட்டாது. பிறகு கடையில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரியில் வைத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்: சிவப்பு பிளஸ்ஸுக்கு, கறுப்பு மைனஸுக்கு, மூன்றாவது வயரைப் பிளஸ்ஸில் தொட்டால் ஏற வேண்டும், எடுத்தால் இறங்க வேண்டும். சீராக 'விர்' என்று ஓடி, முட்டியதும் இரண்டு மூன்று 'டக் டக்' கேட்டு நிற்பது சரி. டக் டக் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் வேண்டாம். ராடு ஒரு இடத்தில் மட்டும் தயங்கினால் அதுவும் வேண்டாம். மேல்ராடு நைலான் கயிற்றோடு தனியாகக் கிடைக்குமா என்றும் அங்கேயே கேளுங்கள். கிடைக்காத மாடல் மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம்

நம் ஊரில் இடதுபக்க ஓட்டம். சாலையோர மரக்கிளை, நடைபாதையில் நிற்பவர், ஓரமாக நுழையும் ஆட்டோ எல்லாம் இடது மட்கார்டைத்தான் உரசும். வலது மட்கார்டில் வைத்தால் டிரைவர் கண்ணுக்கு முன்னாலேயே ராடு நிற்கும். பாதியில் சிக்கினாலும் உடனே தெரியும். எனவே இடம் இருந்தால் வலதுபக்கம். ஆனால் பேட்டரி, பிரேக் பூஸ்டர், தண்ணீர் டேங்க் எதெது எந்தப் பக்கம் என்று பானட்டைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். பெட்ரோல் இன்ஜினாக இருந்தால் காயிலும் பிளக் வயரும் இருக்கும் பக்கத்தைத் தவிர்க்கவும். டீசலில் அந்தத் தொல்லை கிடையாது, ஆல்டர்னேட்டர் மட்டும்தான்.

பவர் ஆன்டெனாவுக்கு மட்கார்டுக்குக் கீழே 35 முதல் 45 செ.மீ. ஆழம் வேண்டும். கீழே மோட்டார் டப்பா உள்ளங்கை அகலத்துக்கும் அதிகமாக இருக்கும். பழைய பிக்கப்பில் இதற்கு இடம் கிடைக்காமல் போவதுதான் அதிகம். ஆன்டெனாவை மட்கார்டுக்கு உள்ளே பிடித்துப் பார்க்கும்போது ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பச் சொல்லுங்கள். சரக்கு ஏற்றினால் வண்டி இறங்கும், டயர் மேலே வரும் என்பதையும் கணக்கில் எடுங்கள். டயருக்கும் டப்பாவுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். உள்மட்கார்டு தகடு இல்லாத வண்டியில் டயர் வாரி இறைக்கும் சேறு முழுவதும் மோட்டார் மீதுதான் விழும். கணேசபுரம் சப்வேயில் ஒருமுறை முழங்கால் தண்ணீரில் போய் வந்தாலே டப்பாவுக்குள் தண்ணீர் ஏறும். இப்படி இடம் கிடைக்காத வண்டிக்கு நிலையான ராடுதான் பதில், பேச்சுக்கு இடமில்லை.

துளை போடுவது

பெரும்பாலான மாடல்களுக்கு 22 மி.மீ. துளை. வாஷரை அளந்து உறுதி செய்துகொள்ளுங்கள். இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, சென்டர் பஞ்சால் குறி போட்டு, 3 மி.மீ. பிட்டால் முதல் துளை. அதன்பின் படிப்படியாக அகலும் ஸ்டெப் டிரில் பிட். பெரிய பிட்டை நேரடியாகப் போட்டால் மெல்லிய தகடு கிழியும், துளை முக்கோணமாகும். டிரில் மிஷினை மெதுவாக ஓட்டுங்கள். துளை முடிந்ததும் அரத்தால் ஓரத்தை வழித்து, வெளிப்பக்க ஓரத்தில் ரெட் ஆக்சைடோ ஜிங்க் பிரைமரோ தடவி உலரவிடுங்கள்.

துளையின் உள்பக்கம்தான் முக்கியம். ஆன்டெனாவின் கீழ் கிளாம்ப் தகட்டில் கடித்துப் பிடிக்கும் இடத்தில் பெயின்ட் இருக்கக் கூடாது. அங்கேதான் எர்த் கிடைக்கிறது. பழைய வண்டிகளில் இரண்டு மூன்று தடவை டிங்கரிங் செய்து, பட்டி போட்டு, பெயின்ட் அடித்திருப்பார்கள். துளை போடும்போது வெள்ளையாகவோ சாம்பலாகவோ தூள் கொட்டினால் அது பட்டி. அந்த இடத்தில் தகடு பளபளக்கும்வரை சுரண்டி, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கி, கடைசியில் வாசலின் தடவி மூடுங்கள். மட்கார்டே துருவேறிய போல்ட்டில் தொங்கும் வண்டியில் மட்கார்டிலிருந்து கேபின் தகட்டுக்குத் தனியாக ஒரு எர்த் பட்டையும் கொடுங்கள். எர்த் சரியில்லாவிட்டால் மோட்டார் ஓடும், ரேடியோ இரையும். பலர் இங்கேதான் தலையைச் சொறிகிறார்கள்.

டப்பாவின் அடியில் தண்ணீர் வடியும் குழாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும். அதை மடக்கியோ கேபினுக்குள் விட்டோ வைத்தால் மழைக்காலத்தில் மோட்டார் குளிக்கும். டப்பாவைத் தனியாக ஒரு பிராக்கெட்டால் கட்டுங்கள். மேலே உள்ள ஒற்றை நட்டில் மட்டும் தொங்கவிட்டால் குழி மேட்டில் ஆடி ஆடித் துளை பெரிதாகும்.

கேபிளும் வயரும்

ஆன்டெனா கேபிளின் உள்கம்பி தலைமுடி மாதிரி மெல்லியதாக இருக்கும். மலிவுக்காக அப்படிச் செய்ததில்லை. கேபிளில் மின்தேக்கம் குறைய வேண்டும் என்றுதான். நீளம் போதாவிட்டால் டிவி கேபிளை வெட்டி முறுக்கி இணைக்காதீர்கள், மீடியம் வேவ் சுத்தமாகப் போய்விடும். ஆயத்தமாகக் கிடைக்கும் கார் ஆன்டெனா எக்ஸ்டென்ஷன் ஒன்றே ஒன்று போடலாம். கேபிளைக் கூர்மையாக மடக்க வேண்டாம். கேபின் தகட்டைத் தாண்டும் துளையில் ரப்பர் குரோமெட் (காப்பு வளையம்) கட்டாயம். உள்ளே நுழையும் முன் கேபிளைச் சற்றுத் தொங்கவிட்டு மேலே கொண்டு போங்கள், தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

மூன்று வயரில் சிவப்பு மோட்டாருக்கான நிரந்தர 12 வோல்ட். இதைக் கீ லைனில் கொடுப்பதுதான் அதிகம் நடக்கும் தப்பு: சாவியை எடுத்ததும் கரன்ட் போய், ராடு நீட்டியபடியே நிற்கும். பேட்டரியிலிருந்து 1.5 சதுர மி.மீ. வயர், பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 10 ஆம்பியர் ஃபியூஸ். கறுப்பை மட்கார்டில் இல்லாமல் கேபின் தகட்டில், லக் (வயர் முனை வளையம்) அடித்து இறுக்குங்கள். மூன்றாவது, பெரும்பாலும் பச்சை, சிக்னல் வயர், இதற்கு 0.75 போதும். நிறத்தை நம்பாமல் பெட்டியில் வரும் தாளைப் பாருங்கள்.

சிக்னலை செட்டிலிருந்தே எடுப்பதானால் எந்த நீலம் என்பதைக் கவனியுங்கள். பல செட்களில் முழு நீலம் ரேடியோ ஓடும்போது மட்டும் 12 வோல்ட் தரும். வெள்ளைக் கோடு போட்ட நீலம் பாட்டு எதில் ஓடினாலும் தரும். பென் டிரைவ் பாட்டுக்கு ஆன்டெனா எழுந்து நிற்பது இதைத் தவறாகக் கொடுத்ததால்தான். மலிவு செட்களில் ஒரே ஒரு நீலம்தான் இருக்கும். அப்போது நடுவில் ஒரு சின்ன கட்-ஆஃப் சுவிட்ச் வையுங்கள், வாட்டர் சர்வீசுக்கு விடும்போதும் உதவும்.

நீல வயர் சிக்னலுக்கு மட்டுமே. அதில் மோட்டாரையே மாட்டினால் செட்டின் உள்பாகம் எரியும். ஒரு வண்டி ரிலேயின் காயில்கூட 150 மில்லி ஆம்பியர் அளவு இழுக்கும். செட்டின் தாளில் அந்த வயருக்கு எவ்வளவு தாங்கும் என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டே ரிலே வையுங்கள். வைத்தால் காயில் முனைகளுக்குக் குறுக்கே 1என்4007 டையோடு ஒன்று, கோடு போட்ட பக்கம் பிளஸ்ஸை நோக்கி. ரிலே விடும்போது எழும் மின்னழுத்த அடியை அது விழுங்கிக்கொள்ளும்.

மோட்டார் இரண்டே வயர் கொண்ட சுவிட்ச் வகையாக இருந்தால், துருவம் மாறினால்தான் திசை மாறும். அதற்கு ஆறு முனை ராக்கர் சுவிட்ச், விட்டால் நடுவுக்குத் திரும்பும் வகை வேண்டும். நடு இரண்டு முனையில் மோட்டார், ஒரு ஓரத்தில் பிளஸ் மைனஸ், மறு ஓரத்தில் அதையே மாற்றிப் போட்டு. தானாகத் திரும்பாத சுவிட்ச் போட்டால் மோட்டார் முட்டிய பிறகும் கரன்ட் ஓடி, கிளட்ச் அரைபடும்.

மாட்டிய பின்

செட்டில் செருகும் முன் மல்டிமீட்டர். ராடை நீட்டி, பிளக்கின் நடுமுள்ளுக்கும் ராடின் நுனிக்கும் நடுவில் பூஜ்ய ஓமுக்கு அருகில் வர வேண்டும். பிளக்கின் வெளிவளையத்துக்கும் பேட்டரி மைனஸுக்கும் ஒரு ஓமுக்குக் கீழ். நடுமுள்ளுக்கும் வளையத்துக்கும் தொடர்பே இருக்கக் கூடாது. இருந்தால் கேபிள் எங்கோ நசுங்கியிருக்கிறது. பிறகு இன்ஜினை ஓட்டி, மீடியம் வேவில் வைத்து ஆக்சிலரேட்டர் கொடுங்கள். வேகத்தோடு சுருதி ஏறும் ஊளை கேட்டால் ஆல்டர்னேட்டர் இரைச்சல். முதலில் செட்டின் எர்த்தைப் பாருங்கள். பழைய செட்களில் ஆன்டெனா சாக்கெட் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும். 1400 கிலோஹெர்ட்ஸ் அருகே மெலிந்து கேட்கும் நிலையத்தைப் பிடித்து, ஒலி உச்சம் தொடும்வரை அதைத் திருப்புங்கள். ஆன்டெனா மாற்றினால் இந்தத் திருகையும் மறுபடி திருப்பிச் சரிசெய்ய வேண்டும்.

பராமரிப்பு என்றால் துடைப்பதுதான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ராடை முழுதாக நீட்டி, துணியில் சில சொட்டு தையல் மிஷின் ஆயில் விட்டுத் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடையுங்கள். கிரீஸ் தடவவே கூடாது. ஈ.சி.ஆர். மணலும் ஊர்ப் புழுதியும் அதில் ஒட்டி அரத்தூள் மாதிரி அரைக்கும். துண்டுகளுக்கு நடுவே மின்தொடர்பையும் கெடுக்கும்.

மோட்டார் ஓடியும் ராடு அசையாவிட்டால் நைலான் கயிறு அறுந்திருக்கும். முழு ஆன்டெனாவையும் மாற்றச் சொல்லும் ஆளை நம்பாதீர்கள். மேல் நட்டைக் கழற்றி, ஒருவர் ஏற்றும் சிக்னலைக் கொடுக்க, இன்னொருவர் ராடை மெல்ல மேலே இழுத்தால் ராடும் கயிறும் சேர்ந்து வெளியே வந்துவிடும். வந்த கயிற்றைப் புதிய கயிற்றோடு பக்கத்தில் வைத்து நீளத்தை ஒப்பிடுங்கள். குறைந்தால் மீதித் துண்டு டப்பாவுக்குள் இருக்கிறது, டப்பாவைத் திறந்து எடுத்தே ஆக வேண்டும். புதுக் கயிற்றின் பற்கள் பழையது நுழைந்த அதே திசையைப் பார்க்கும்படி உள்ளே விட்டு, தட்டும்வரை இறக்கி, இறக்கும் சிக்னலைக் கொடுங்கள். பல் பிடிக்காமல் 'கர்ர்' என்றால் கயிற்றைக் கால் திருப்பு திருப்பி மறுபடி. பிடித்ததும் ராடு தானாக உள்ளே போகும். கடைசி ஒரு சாணைக் கையால் நேராகப் பிடித்துவிட்டு நட்டை இறுக்குங்கள். பல்லின் இடைவெளி கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதால், ஆன்டெனா வாங்கும் அன்றே அதே மாடலுக்கு ஒரு உதிரி ராடும் சேர்த்து வாங்கி வண்டியில் போட்டு வையுங்கள்.